தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கையில் எடுத்துச் சொல்லிக் கொடுப்பது எப்படி?

3 மார்ச் 2025, கேள்வி

நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 22-ம் தேதி உலக நீர் நாள். வருஷா வருஷம் செய்வதையே செய்யச் சொல்கிறார்கள்: சார்ட், குறள், உறுதிமொழி, ஊர்வலம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தண்ணீரைப் பற்றிச் செய்முறையாக என்னதான் சொல்லிக் கொடுக்க முடியும்? எதுவும் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

3 மார்ச், இரவு

முடியும். நான் சிவகங்கைப் பக்கம், மூன்றும் நான்கும் சேர்ந்த வகுப்பு எடுக்கிறேன். முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றி வையுங்கள். "பல் துலக்கும்போது குழாயை மூடு" என்று எங்கள் பள்ளிச் சுவரிலும் ஒன்று இருந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வீட்டுக்குள் குழாயே கிடையாது. ஒரு செம்புத் தண்ணீரில் பல் துலக்கி, முகம் கழுவி, மிச்சத்தை முருங்கை மரத்தில் ஊற்றிவிட்டு வருகிற பிள்ளை அது. அவளுக்குப் போய்ச் சிக்கனம் சொல்லிக் கொடுக்க நாம் யார்?

தண்ணீரை வீணாக்காதே என்பது புத்திமதி, பாடம் ஆகாது. எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது, யார் கொண்டு வருகிறார்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பிள்ளையே அளந்து பார்க்கட்டும். எட்டு வயதில் இது தாராளமாக முடியும். அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

5 மார்ச்

எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். குடத்தில்.

ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு லிட்டர் பாட்டில், ஒரு வாளித் தண்ணீர் போதும். குடத்தில் எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஐந்து என்பார்கள், நூறு என்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து ஊற்ற வேண்டும், மற்றவர்கள் சத்தமாக எண்ண வேண்டும். எங்கள் பக்கத்துக் குடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் வந்தது. நிரம்பிய குடத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், முதலில் ஓடி வருகிறவர்கள் பையன்கள்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை அந்த இடத்தில் சொன்னால் ஒட்டிக்கொள்கிறது. 15 கிலோ இடுப்பில்.

வீட்டுப்பாடமாக, இன்று வீட்டுக்கு எத்தனை குடம் வந்தது, யார் கொண்டு வந்தார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் கரும்பலகையில் அம்மா, அக்கா, ஆச்சி, அப்பா, அண்ணன் என்று கட்டம் போட்டுக் கோடு கோடாக நிரப்பினோம். முதல் மூன்று கட்டம் நிறைந்து வழிகிறது. அப்பா கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா பைக்குல ரெண்டு பக்கமும் குடத்தக் கட்டிட்டு வருவாரே, அது கணக்குல சேருமா?" என்று கேட்டான். சேரும் என்று இரண்டு கோடு போட்டேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் சொன்னார்கள்.

9 மார்ச்

வடிகட்டி பாட்டில் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அடி வெட்டிய பாட்டிலைத் தலைகீழாக வைத்து, வாய்க்குத் துணி கட்டி, கரித்தூள், மணல், மேலே சல்லி போட்டுக் கலங்கல் நீரை ஊற்றுவது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும், செய்யலாம். மணலை மட்டும் முதல் நாளே நாலைந்து தண்ணீர் விட்டு அலசி வையுங்கள். அலசாத மணலில் ஊற்றினால் போனதைவிடக் கலங்கலாகக் கீழே வரும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் தவறான பாடம் போய்ச் சேரும். தெளிந்து சொட்டுகிற நீரைப் பார்த்ததும் பிள்ளை என்ன நினைக்கும்? குடிக்கலாம் என்றுதான். அதனால் அதே வடிகட்டியில் உப்புக் கரைத்த நீரை ஊற்ற வேண்டும். ஊற்றும்போதும் தெளிவு, கீழே வரும்போதும் தெளிவு. உப்பு எங்கே போனது என்று கேட்க வேண்டும். மணலில் மாட்டிக்கொண்டது என்று பாதிப் பேர் கை தூக்குவார்கள். கீழே வந்த நீரில் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் சாயங்காலம் தட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அழுக்கு வேறு, கரைந்தது வேறு, கிருமி வேறு என்கிற மூன்றையும் பிரித்துப் புரிந்துகொண்டால் தொடக்கப் பள்ளிக்கு அதுவே பெரிய விஷயம்.

தேத்தாங்கொட்டையை (தேற்றா மரத்து விதை) விட்டுவிடாதீர்கள். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் காட்டுவார். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை வைத்துத் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் வண்டல் திரண்டு அடியில் இறங்கிவிடும். தேய்க்காத பானை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலிருந்தும் கண்ணாடி டம்ளரில் மொண்டு, டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று படிக்கச் சொன்னேன். வாசிப்புப் பயிற்சியும் ஆயிற்று.

10 மார்ச்

விட்டுப்போனது: வடிகட்டியதை, தேற்றியதை, எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள், நடுவிலும் சொல்லுங்கள்.

23 மார்ச்

நேற்றைக்கு எங்கள் பள்ளியில் ஊர்வலம் இல்லை. கை பம்பு, ஊருணி, பஞ்சாயத்துக் குழாய், கேன் தண்ணீர் என்று நான்கையும் நான்கு டம்ளரில் வைத்து, கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரால் பார்த்தோம். பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். கை பம்பு 1,800-ஐத் தாண்டியது, ஊருணி 200-க்குள், கேன் இன்னும் கீழே. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்றது, வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம்.

இங்கே பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் உடனே முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் பார்ப்பது கரைந்த உப்புகளை மட்டும்தான், கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. மாடு குளித்த ஊருணி நீர் மீட்டரில் நல்ல பிள்ளையாகக் காட்டும். அதை நான் வாயால் சொன்னேன், யார் மண்டையிலும் ஏறவில்லை. அப்புறம் ஊருணி நீரில் கை நிறைய மண்ணை அள்ளிப் போட்டுக் கலக்கி மீட்டரை வைத்தேன். எண் கொஞ்சம்தான் நகர்ந்தது. "இது பொய் சொல்லுது டீச்சர்" என்றாள் ஒருத்தி. பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது என்றேன். அதுதான் புரிந்தது.

இன்னொன்று, பெற்றோருக்காகவும் செய்ய வேண்டியது. வீடு வீடாக சுத்திகரிப்பு எந்திரம் விற்க வருகிறவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு கம்பி வைத்த கருவியை உங்கள் வீட்டுத் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தால் தண்ணீர் பழுப்பாகி, கசடு மிதக்கும். அவர்கள் எந்திரத்துத் தண்ணீரில் விட்டால் நிறம் மாறாது. பார்த்த தாய்மார்கள் பயந்துபோவார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும், அதனால் கம்பி அரிக்கும். உப்பு எடுத்த நீரில் அவ்வளவாகப் பாயாது. 9 வோல்ட் பேட்டரி, இரண்டு இரும்பு ஆணி, இரண்டு வயர் வைத்து நான் மேஜையில் செய்து காட்டினேன். கேன் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. அதிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் ஆணியைச் சுற்றிப் பழுப்பு கிளம்பியது. சமையல் உப்புதானே போட்டோம், எங்கிருந்து வந்தது துரு என்று அவர்களே ஆணியை எடுத்துப் பார்த்தார்கள். வீட்டு மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது, பேட்டரி மட்டும்தான். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

6 ஏப்ரல்

கிருமியை எப்படிக் காட்டுவது என்று கேட்டவருக்கு: அதற்கென்று சிறு குப்பி இருக்கிறது. தண்ணீரை அடையாளம் வரை ஊற்றி மூடி, சூடான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி என்று ஏற்பாடு உண்டு. உங்கள் ஊராட்சியில் விசாரித்து, அவர்களில் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கறுத்த குப்பியைப் பிள்ளைகள் தொடக் கூடாது, அதில் வளர்ந்திருப்பது கிருமி. திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அழிக்கும் முறை அவருக்குத் தெரியும்.

குப்பி கறுத்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் "நம்ம தண்ணி விஷம்" என்று சொல்லும், அம்மா மறுநாள் காலையில் பள்ளி வாசலில் நிற்பார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பதை அன்றைக்கே, அந்த வகுப்பிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடமும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். அவரையே ஒரு நாள் வகுப்புக்கு வரவழைத்து, பிளீச்சிங் பவுடரை எப்படிக் கரைக்கிறார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை தொட்டி கழுவுகிறார் என்று சொல்ல வைத்தால், பிள்ளைகள் கேட்கிற கேள்வியில் அவரே அடுத்த வாரம் ஒழுங்காகக் கழுவுவார்.

8 ஏப்ரல்

கடினத் தன்மைக்கு மீட்டர் வேண்டாம், சோப்பு போதும். குளியல் சோப்பைத் துருவி மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் நீரிலோ கரைத்துக்கொள்ளுங்கள். சலவைத் தூள், ஷாம்பு வேண்டாம், அது எந்த நீரிலும் நுரைக்கும். ஒரே அளவு தண்ணீர் உள்ள பாட்டில்களில் இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்க எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். மழைநீருக்குச் சில சொட்டே போதும். கை பம்பு நீருக்கு எண்ணி எண்ணிக் கை வலிக்கும், நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி மிதக்கும்.

இந்தச் சோதனையைச் சத்துணவு அக்கா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எதுக்கு சோப்பு, பருப்பைப் போட்டுப் பாருங்க" என்றார். இரண்டு சின்னச் சட்டி, ஒரே அளவு துவரம்பருப்பு, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பம்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் பருப்பு குழைந்து கரைகிறது. பம்புத் தண்ணீரில் வெந்தும் வேகாமல் முழுசு முழுசாகக் கிடக்கிறது. விரலால் நசுக்கிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன என்று நான் விளக்கினேன், ஆனால் அன்றைய பாடம் அவர் எடுத்ததுதான். அறிவியல் வகுப்புக்குள் அவரை இத்தனை நாள் யாரும் கூப்பிடாதது எவ்வளவு பெரிய இழப்பு.

14 ஜூன்

பள்ளி திறந்தாயிற்று. நீர் சுழற்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். 1984-ல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் தொடங்கிய ப்ராஜெக்ட் வெட் என்கிற நீர்க் கல்வித் திட்டத்தில் பகடை விளையாட்டு ஒன்று உண்டு. மேகம், கடல், ஆறு, மண், செடி, பனிப்பாறை என்று இடங்கள் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பகடை வைத்து, பிள்ளைகள் நீர்த்துளிகளாக நின்று, பகடை சொல்கிற இடத்துக்கு ஓட வேண்டும். பனிப்பாறையை நான் எடுத்துவிட்டேன். கண்மாய், ஊருணி, கேணி, வயல் சேர்த்தேன். பகடை என்பது அட்டைப் பெட்டிக்கு வெள்ளைத்தாள் ஒட்டியது. கடல் பகடையின் ஆறு பக்கத்தில் நாலில் "இங்கேயே இரு".

புத்தகத்தில் இருக்கிற நீர் சுழற்சிப் படத்தில் அம்புக்குறி வட்டமாகப் போகும், எல்லாத் துளியும் ஒழுங்காக மேலே போய்க் கீழே வருகிற மாதிரி. விளையாட்டில் அப்படி இல்லை. கடலில் கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறது, கேணியில் ஒருத்தி தனியாக நிற்கிறாள். எங்களுக்கு மட்டும் ஏன் வெளியே போகிற பக்கம் விழவில்லை என்று கடலில் மாட்டிக்கொண்டவர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நிறுத்தி, எங்கே அதிகம் பேர், எங்கே குறைவு என்று தலை எண்ண வேண்டும். கண்மாய் பகடையில் "கேணிக்குப் போ" என்று இரண்டு பக்கம் எழுதி ஆடிப் பாருங்கள், அதைத் தாளால் மறைத்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். கண்மாய்க்கும் கேணிக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

13 ஜூலை

வாட்டர் பெல் வந்திருக்கிறது. பள்ளிகளில் மணியடித்துத் தண்ணீர் குடிக்க வைக்கிற ஏற்பாடு, கேரளத்தில் 2019-லேயே செய்தார்கள். நல்லதுதான், நானும் அடிக்கிறேன். ஆனால் சில பெண் பிள்ளைகள் பாட்டிலை வாயில் வைத்துவிட்டு அப்படியே மூடி வைக்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராத நாளில் அவர்கள் குடிப்பதே இல்லை. தண்ணீர்ப் பாடத்தில் கழிப்பறை வராவிட்டால் அது பாதிப் பாடம். எங்கள் பிள்ளைகள் இப்போது காலையில் முதல் வேலையாகக் கழிப்பறைத் தொட்டியில் குச்சி விட்டு எவ்வளவு ஈரம் என்று பார்த்து வாசலில் எழுதுகிறார்கள். எண் குறைந்தால் மோட்டார் போடச் சொல்லி ஆள் தேடிப் போகிறார்கள்.

ஒழுகுகிற குழாயும் இதோடு சேரும். இருமல் மருந்து மூடியை அடியில் வைத்து 10 நிமிஷத்தில் எவ்வளவு என்று பார்த்தால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் 30 மில்லி சுமார், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல்.

20 ஜூலை

குட வீட்டுப்பாடத்தைப் பற்றி மனசு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஊரின் தண்ணீர் வரைபடம் வரைய வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார்: எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய், யார் எந்தக் கிணற்றில் எடுக்கிறார்கள் என்று. வரைந்தால் என்ன தெரியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. எங்கள் பக்கத்து மாவட்டம்தான் அது. அதற்குப் பிறகு தண்ணீரை ஏதோ ஜாதியில்லாத இயற்கைப் பொருள் மாதிரி என்னால் நடத்த முடியவில்லை.

அதற்காக எட்டு வயதுப் பிள்ளையை எழுப்பி "உங்கள் தெருவுக்கு ஏன் குழாய் இல்லை" என்று கேட்கவும் கூடாது. அது அந்தப் பிள்ளையை மட்டும் தலைகுனிய வைக்கும். இப்போது குடக் கணக்கை வீட்டுப் பெயர் இல்லாமல், சீட்டில் எழுதி டப்பாவில் போடச் சொல்லி, வகுப்பின் மொத்தமாகக் கூட்டுகிறேன். வகுப்புக்குள் ஒரே பானை, ஒரே டம்ளர், முறை வைத்து எல்லோரும் மொண்டு கொடுப்பது. இதற்கு விளக்கம் எதுவும் சொல்வதில்லை, முறை மாறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

19 அக்டோபர்

மழைமானி செய்து வைத்துவிட்டீர்களா? பக்கம் நேராக உள்ள பாட்டிலாகப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கியது ஆகாது. கழுத்தை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் சொருகி, அடியில் கூழாங்கல் போட்டு, மேடுபள்ளம் மறைகிற வரை தண்ணீர் ஊற்றி அங்கே 0 என்று கோடு, மேலே மில்லிமீட்டர் ஸ்கேல் ஒட்டினால் முடிந்தது. மரத்தடியும் கூரை ஓரமும் வேண்டாம். வானிலைத் துறை காலை 8:30-க்குத்தான் 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. நம் பிள்ளைகளும் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் செய்தியில் சொல்கிற எண்ணோடு ஒப்பிடலாம். ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாரம் பேசலாம், நம் ஊரில் பெய்த மழை பக்கத்து ஊரில் பெய்யாது என்பது அவர்களுக்கே தெரியும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கைத் தரையில் சாக்பீஸால் சதுரம் வரைந்து காட்டிவிட்டால் மீதியை அவர்கள் போடுவார்கள். 40 அடிக்கு 20 அடி கட்டடம் என்றால் கூரை 74 சதுர மீட்டர் சுமார். 25 மில்லிமீட்டர் மழைக்கு 1,850 லிட்டர். தெறித்ததும் ஊறியதும் போக நூறு குடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு குடம் என்றதும் வகுப்பே சத்தம் போட்டது, ஏனென்றால் ஒரு குடத்தின் கனம் அவர்களுக்குத் தெரியும். வெறும் 1,850 லிட்டர் என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார்கள்.

9 நவம்பர்

எனக்கு இத்தனையிலும் பிடித்தது கேணி அளப்பது. பள்ளிக்குப் பக்கத்தில் கண்மாய்க் கரையை ஒட்டிச் சுற்றுச்சுவர் உள்ள கேணி இருக்கிறது. கயிற்றில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துணி முடிச்சு, நுனியில் கல். கயிறு என் கையில்தான், பிள்ளைகள் சுவரிலிருந்து தள்ளிப் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம். கல் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டதும் நிறுத்தி, கயிற்றை மேலே எடுத்து முடிச்சு எண்ணுவார்கள். வாரம் ஒரு நாள்.

முதலில் ஒரு குழப்பம் வரும். தண்ணீர் குறையக் குறைய எண் கூடுகிறது. 20 முடிச்சு 24 முடிச்சு ஆனதும் தண்ணீர் கூடிவிட்டது என்று கைதட்டுகிறார்கள். எத்தனை சொன்னாலும் அடுத்த வாரமும் கைதட்டுவார்கள். அதனால் வரைபடத் தாளை விட்டுவிட்டுச் சுவரில் மேலே ஓர் ஆணி வரிசை அடித்து, முடிச்சுக்கு ஓர் அங்குலம் என்று வெட்டிய காகிதப் பட்டையைத் தொங்கவிடுகிறோம். பட்டை முடிகிற இடத்துக்குக் கீழே நீல வண்ணம். ஆணி வரிசைதான் கேணியின் வாய். இப்போது பார்த்த உடனே தெரிகிறது, ஆகஸ்டு, செப்டம்பரில் பட்டை நீண்டு நீண்டு தரையைத் தொடப் பார்க்கிறது, இந்த மாதம் மளமளவென்று குட்டையாகிறது.

மழை பெய்த அன்றே கேணி ஏறவில்லை, கண்மாயில் தண்ணீர் நிற்க ஆரம்பித்துச் சில நாள் கழித்துத்தான் ஏறியது. பிள்ளைகள் கவனித்த இந்த இடைவெளியை விளக்க, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சித் தாத்தாவைக் கூட்டி வந்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் எது, வயலுக்குத் திறக்கிற மடை எது, நிறைந்தால் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு எப்படிப் போகும் என்று மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். அவர் கீறிய கோட்டில் ஒரு பையன் தண்ணீர் ஊற்றினான், வரத்துக்காலில் ஓர் ஓடு கிடந்ததால் பக்கவாட்டில் போய்விட்டது. "இதுதாண்டா நம்ம ஊர்ப் பிரச்சினை" என்றார் தாத்தா. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்றேன். அத்தனைக்கும் ஒரு தாத்தா இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

தண்ணீர் நிறைந்த பிறகு கண்மாய்ப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். கரை, மடை, கலுங்கு எல்லாவற்றையும் கோடையில் காய்ந்து கிடக்கும்போதே நடந்து காட்டிவிடுங்கள். மழைக்காலத்துக்குக் கயிறும் மழைமானியும் போதும்.

16 நவம்பர்

கேள்வி கேட்டவர் இப்போது எழுதியிருக்கிறார்: தன் பள்ளி டவுனில், கேணியும் இல்லை, கண்மாயும் இல்லை, மாடியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டிதான். போதுமே. தொட்டிக்கு எத்தனை லிட்டர் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். காலையில் மோட்டார் போட்டு நிரப்பியதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஆளை ஏற்றி ஆழம் பார்த்து, பள்ளியின் ஒரு நாள் செலவைப் பிள்ளைகள் கணக்கிடட்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஆளில்லாமல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எங்கோ கசிகிறது, கண்டுபிடிக்கிற வேலையை நான்காம் வகுப்பிடம் கொடுங்கள். பிறகு அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள்: மோட்டார், தரைத்தொட்டி, தெருக் குழாய், நகராட்சித் தொட்டி, அதற்கும் முன்னால் எந்த ஆறு, எந்த ஏரி. லாரித் தண்ணீர் என்றால் டிரைவரிடம் எந்த ஊர்க் கிணற்றில் பிடிக்கிறார் என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கினார்கள், ஆகவே உங்கள் பள்ளியிலும் ஒரு குழி இருக்க வேண்டும். மூடியைப் பெரியவர்கள் திறந்து கொடுங்கள். சல்லி தெரிகிறதா, குப்பைதான் தெரிகிறதா என்று எழுதி இங்கே போடுங்கள்.